கார்பன் ஃபோர்க் சைக்கிளில் ஹேண்டில்பாரை உயர்த்துவது: எந்த போல்ட் எதைப் பிடிக்கிறது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) உள்ள புது ரோடு பைக் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. முப்பது கிலோமீட்டர் தாண்டினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது. ஹேண்டில்பாரை ஃபோர்க் குழாயோடு இணைக்கும் ஸ்டெம்முக்குக் கீழே 15 மி.மீ., மேலே 20 மி.மீ. ஸ்பேசர் (குழாயில் அடுக்கும் வளையங்கள்) இருக்கிறது. மேலே இருப்பதைக் கீழே போட்டு ஹேண்டில்பாரை உயர்த்தலாமா, கார்பன் என்பதால் ஏதாவது ஆகுமா, எவ்வளவு டைட் வைக்க வேண்டும் என்று கேட்கிறார். கூடவே அவருக்கு இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க் குழாயை வெட்டிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்கிறார்கள் வாங்கிய கடையில். தெருமுனை சைக்கிள் கடைக்காரர், மேல் போல்ட்டை லூஸ் செய்து ஒரு தட்டு தட்டினால் ஹேண்டில் ஏறிவிடும் என்கிறார். இவர் உண்மையில் கேட்பது, இதை நானே வீட்டில் செய்யலாமா, எங்கேயாவது தப்பினால் ஓடும்போது ஹேண்டில் கையோடு வந்துவிடுமா என்பதுதான்.

சைக்கிள் ரிப்பேரும் ஃபிட்டிங்கும் பல வருடமாக நான் செய்துவரும் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்: வீட்டிலேயே செய்யலாம், நிதானமாகச் செய்தால் அரை மணி நேரம் ஆகும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வேண்டும். அது இல்லாமல் கார்பனில் கை வைக்காதீர்கள். குழாயை இப்போது வெட்ட விடாதீர்கள். சுத்தியல் பக்கமே போகாதீர்கள்.

தெருமுனைக் கடைக்காரர் சொன்னது அவர் பழகிய சைக்கிளுக்குச் சரியான வேலைதான். பழைய கறுப்பு சைக்கிள்களில் ஹேண்டிலின் தண்டு ஃபோர்க் குழாய்க்கு உள்ளே இறங்கும். மேலே தெரியும் நீளமான போல்ட் அடியில் இருக்கும் ஆப்பை மேலே இழுத்து, தண்டைக் குழாய்க்குள் நெருக்கிப் பிடிக்கும். போல்ட்டை லூஸ் செய்து மேலிருந்து தட்டினால் ஆப்பு விடுபடும், ஹேண்டிலை ஏற்றலாம், இறக்கலாம். உங்கள் சைக்கிளில் அந்த ஏற்பாடே கிடையாது. ஜான் ரேடர் வடிவமைத்து, டயா-காம்ப் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் அஹெட்செட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த முறை உங்களுடையது. இதில் ஃபோர்க் குழாய்க்கு, அதாவது ஸ்டீரருக்கு, வெளியே மரை இல்லை. அது ஃபிரேமைத் தாண்டி மேலே நீண்டு வரும். ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். கவ்வுவது ஸ்டெம்மின் பின்பக்கம் இருக்கும் இரண்டு போல்ட்டுகள். உச்சியில் மூடி மாதிரி இருக்கும் டாப் கேப்பும் அதன் நடு போல்ட்டும் ஹேண்டிலைப் பிடிப்பதே இல்லை. அந்த போல்ட் ஃபோர்க்கை மேலே இழுத்து, ஸ்டெம்மையும் ஸ்பேசர்களையும், ஃபோர்க் திரும்புவதற்காக ஃபிரேமில் இருக்கும் பேரிங் மேல் அழுத்துகிறது. பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் செய்வது மட்டுமே அதன் வேலை.

இந்த ஒரு விஷயம் மனதில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். என் மேசைக்கு வரும் பெரும்பாலான கோளாறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஹேண்டில் லேசாகத் திரும்புகிறது என்று மேல் போல்ட்டை வலுவாக முறுக்கியிருப்பார்கள். ஹேண்டில் அப்போதும் திரும்பும். கூடவே பேரிங் இறுகி ஸ்டீயரிங் கனமாகிவிடும், அந்த போல்ட்டுக்குப் பிடிமானமாகக் குழாய்க்குள் இருக்கும் பிளக்கும் இடம் நழுவி மேலே வந்திருக்கும். இன்னொரு பக்கம், ஸ்டெம் போல்ட்டுகளை லூஸ் செய்யாமலே மேல் போல்ட்டைத் திருகி ஆட்டத்தை எடுக்கப் பார்ப்பார்கள். ஸ்டெம் குழாயை ஏற்கெனவே கவ்விக்கொண்டிருக்கும்போது அது கீழே இறங்க முடியாது. ஆட்டம் அப்படியே இருக்கும், போல்ட்டின் மரைதான் போகும்.

அடுத்து, உங்கள் ஸ்டீரர் நிஜமாகவே கார்பனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் ஃபோர்க் என்று எழுதியிருந்தாலும், விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கீழே இறங்கும் இரண்டு கால்கள் மட்டும் கார்பன், மேலே ஏறும் குழாய் அலுமினியம். டாப் கேப்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குழாயின் விளிம்பு வெள்ளியாகப் பளபளத்து, உள்ளே பூ இதழ் மாதிரி விளிம்பு வெட்டிய சின்ன இரும்புத் தகடு கடித்துக்கொண்டிருந்தால் அது ஸ்டார் நட்; குழாய் உலோகம். விளிம்பு பளபளப்பில்லாத கறுப்பாக, சுவர் தடிமனாக, உள்ளே அலன் கீ போடும் துளையுடன் ஒரு உலோக உருளை உட்கார்ந்திருந்தால் அது விரிந்து பிடிக்கும் பிளக், குழாய் கார்பன். சந்தேகம் வந்தால் பிளக்கைப் பார்த்து முடிவு செய்யாமல் குழாயின் விளிம்பைப் பாருங்கள், ஏனென்றால் அலுமினியக் குழாயிலும் சிலர் பிளக் போடுகிறார்கள். கார்பன் குழாய்க்குள் ஸ்டார் நட்டை அடித்து இறக்கவே கூடாது. அதன் இதழ்கள் உள்சுவரைக் கீறிக்கொண்டே இறங்கும். அந்தக் கீறல்தான் பிறகு விரிசலாகும்.

கார்பன் பலவீனமான பொருள் என்று நினைக்க வேண்டாம். அது பிரேக் போடும்போதும் பள்ளத்தில் விழும்போதும் வரும் வளைவு விசையைத் தாங்கத்தான் அடுக்கடுக்காகச் செய்யப்படுகிறது. அதன் குணம் மூங்கில் மாதிரி: நெடுக்கில் வளைத்தால் நன்றாகத் தாங்கும், குறுக்கே ஓரிடத்தில் நெருக்கினால் பிளக்கும். ஸ்டெம் செய்வது குறுக்கே நெருக்குவதுதான், அதனால்தான் அளவோடு நெருக்க வேண்டும் என்கிறோம். உலோகக் குழாய் உடையாது என்பதும் இல்லை. 2006 பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பியின் ஹேண்டில் ஓட்டத்தின் நடுவே ஸ்டீரரோடு முறிந்து, அவர் தோள் அடிபட விழுந்தார். அது கார்பன் ஃபோர்க்கில் இருந்த அலுமினிய ஸ்டீரர். அதே பந்தயத்தில் அதற்கு முன்பே ஒருமுறை விழுந்திருந்தார். 2021-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் டார்மாக் எஸ்எல்7 சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது கார்பன் ஸ்டீரரில் விரிசல் வரலாம் என்பதற்காக. அதற்காகக் கடைகளில் மாற்றிக் கொடுத்த பாகங்கள் ஹெட்செட்டின், அதாவது ஃபோர்க்கைத் திரும்பவிடும் பேரிங் தொகுப்பின், அழுத்த வளையமும் குழாய்க்கு உள்ளே போகும் பிளக்கும். இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். குழாய் எந்தப் பொருள் என்பதைவிட, அதன் மேல் எது எப்படி அழுத்துகிறது, முன்பு அடி வாங்கியிருக்கிறதா என்பதே முக்கியம்.

ஸ்பேசர் எவ்வளவு போடலாம் என்பதற்கு வருவோம். மேல் பேரிங்குக்கு மேலே நீண்டிருக்கும் குழாய்க்கு ஃபிரேமின் ஆதரவு கிடையாது. ஸ்டெம் உயர உயர, நீங்கள் ஹேண்டிலை இழுப்பதும் அழுத்துவதும் அந்தக் குழாயை அதிக நெம்புகோல் நீளத்தோடு வளைக்கிறது. அதனால் கார்பன் ஸ்டீரருக்கு ஸ்டெம்முக்குக் கீழே இவ்வளவு மி.மீ.தான் ஸ்பேசர் என்று தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள். நான் அதிகம் பார்த்தது 30 மி.மீ.; 40 வரை விடுபவர்களும் இருக்கிறார்கள், 30-க்கும் குறைவாக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். பேரிங் மேல் உட்காரும் கூம்பு மூடியின் உயரத்தைச் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஆகவே பொதுவான ஒரே எண் என்று எதையும் நான் கொடுக்க மாட்டேன். உங்கள் மாடலின் மேனுவலில் அல்லது ஃபோர்க்குடன் வந்த தாளில் இருக்கும் எண்தான் உங்களுக்குச் செல்லும். அது கையில் கிடைக்கும்வரை 30-ஐத் தாண்டாதீர்கள். மேனுவல் அதற்கும் குறைவாகச் சொன்னால் அதற்கே இறங்கிவிடுங்கள்.

உங்கள் கணக்கு நல்லபடியாக அமைந்திருக்கிறது. கீழே 10-உம் 5-உம், மேலே 10-உம் இரண்டு 5-உம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ள 10-ஐயும் ஒரு 5-ஐயும் கீழே கொண்டுவந்தால் கீழே 30, மேலே 5. வரம்பு 30 என்றால் சரியாக அதற்குள் அடங்குகிறது. ஸ்டீரர் நேராக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதால், ஸ்டெம் ஏறும்போது ஹேண்டில் உங்கள் பக்கமும் கொஞ்சம் வரும். ரோடு பைக்கில் அந்தச் சாய்வு தரையிலிருந்து ஏறக்குறைய 73 டிகிரி. அதன்படி 15 மி.மீ. ஸ்பேசர் மாற்றினால் ஹேண்டில் சுமார் 14 மி.மீ. உயர்ந்து, 4 மி.மீ.க்குச் சற்று மேல் பின்னால் வரும். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும், ஆனால் முதல் பத்து கிலோமீட்டரிலேயே தோளில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கடையில் இன்னும் இரண்டு ஸ்பேசர் வாங்கி அடுக்கினால் மேலும் ஏறாதா என்று சிலர் கேட்பார்கள். ஏறாது, ஏற விடவும் கூடாது. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இடம். ஸ்டெம்மின் கவ்வும் பகுதி முழுவதும் குழாயின் மேல் இருக்க வேண்டும். ஸ்டெம்மின் பின்பக்க போல்ட்டுகளில் மேலே இருப்பதற்கு நேராக உள்ளே குழாய் இல்லாமல் போனால், அந்த போல்ட் ஒன்றையும் கவ்வவில்லை. மொத்தப் பாரமும் கீழ் போல்ட் ஒன்றின் மேல், அதுவும் குழாயின் விளிம்பில் விழும். இதைவிட ஆபத்தான நிலையைக் கார்பன் ஸ்டீரருக்கு நம்மால் உண்டாக்க முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் மாட்டியபடியே, தரையில் ஊன்றியபடி வேலை செய்யுங்கள். ஸ்டாண்டில் தூக்கி மாட்டினால் ஸ்டெம் கழன்றதும் ஃபோர்க் நழுவிக் கீழே இறங்கும், பேரிங்கும் அழுத்த வளையமும் இடம் மாறும். பிரேக் ஹோஸும் கியர் கேபிளும் 15 மி.மீ. கூடுதல் உயரத்துக்குத் தாராளமாக வருகின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். ஃபிரேமுக்குள் நுழையும் ஹோஸ் ஏற்கெனவே விறைப்பாக இருந்தால், உயர்த்திய பிறகு ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது இழுபடும். அதற்கு ஹோஸை மாற்ற வேண்டும், அது கடை வேலை. ஹோஸ் எல்லாம் ஹெட்செட் வழியாகவே உள்ளே போகும் மாடல் என்றால் நான் இங்கே எழுதுவது உங்களுக்குப் பொருந்தாது. அவற்றில் ஸ்பேசர்களே இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும், சிலவற்றில் குழாயும் முழு வட்டமாக இருக்காது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. அவர்களின் டீலரிடம் கொடுங்கள்.

டாப் கேப்பைக் கழற்றுங்கள். பிறகு ஸ்டெம்மின் பின்பக்க போல்ட்டுகள் இரண்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹேண்டிலை நேராக மேலே தூக்குங்கள், முறுக்கி இழுக்காதீர்கள். ஒரு துணியைப் போர்த்தி ஃபிரேமின் மேல் குழாயில் சாய்த்து வையுங்கள், ஹோஸ் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது குழாய் வெறுமனே தெரியும். அதை உலர்ந்த துணியால் துடைத்து நல்ல வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். ஸ்டெம் உட்கார்ந்திருந்த இடத்தில் லேசான மங்கல் வட்டம் இருப்பது இயல்பு. நகம் தடுக்கும் கோடு, வெள்ளையாகத் தெரியும் மெல்லிய வரி, போல்ட் இருந்த உயரத்தில் உள்ளே அமுங்கிய பள்ளம், பிரிந்து நிற்கும் நார் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அதோடு நிறுத்திவிட்டுச் சைக்கிளை ஓட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். புது சைக்கிள்தானே என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்; அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அவசரமாக மாட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கிய சைக்கிள்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெம்மின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறோ கூர்மையான விளிம்போ இருந்தால் அது குழாயைக் கடிக்கும், அந்த ஸ்டெம்மை மாற்றுங்கள்.

பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. டாப் கேப் போல்ட்டுக்குப் பிடிமானம் கொடுப்பது அதன் ஒரு வேலை. ஸ்டெம் வெளியிலிருந்து நெருக்கும்போது குழாயின் சுவரை உள்ளிருந்து தாங்குவது இன்னொரு வேலை, நல்ல நீளமான பிளக்காக இருந்தால். தாங்க வேண்டுமென்றால் அது ஸ்டெம்முக்கு நேர் உள்ளே இருக்க வேண்டும். பிளக் குழாயின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ஸ்டெம்மோ இப்போது உச்சியிலிருந்து 20 மி.மீ. கீழே இருக்கிறது. பிளக் குட்டையாக இருந்தால் ஸ்டெம்மின் கீழ் போல்ட்டுக்கு நேராக உள்ளே ஒன்றுமே இல்லை. நீங்கள் ஸ்டெம்மை உயர்த்தும்போது அது பிளக்குக்குப் பக்கத்தில் வருகிறது. அந்த அளவுக்கு இந்த மாற்றம் குழாய்க்கு நல்லதே. ஸ்டெம்மின் உயரத்தையும் பிளக்கின் நீளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிளக் லூஸாக இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு டைட் வையுங்கள். அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஊகித்து முறுக்காதீர்கள்.

ஸ்பேசர்களைப் போட்டு, ஸ்டெம்மை இறக்கி, மேலே அந்த 5 மி.மீ. ஸ்பேசரை வையுங்கள். இப்போது குழாயின் விளிம்பு மேல் ஸ்பேசரின் மேல்மட்டத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். சமமாகவோ மேலேயோ இருந்தால் டாப் கேப் ஸ்பேசரை அழுத்தாமல் குழாயிலேயே முட்டிக்கொள்ளும், எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது. டாப் கேப்பைப் போட்டு போல்ட்டை மெதுவாக, இரண்டு விரலால் திருகும் அளவுக்குத் திருகுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், இன்னொரு கையின் விரல்களை ஹெட்செட்டின் மேல் மூடியும் ஃபிரேமும் சேரும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இணைப்பில் சின்னத் துடிப்பாக விரலில் தெரியும். டிஸ்க் பிரேக்கில் பேட் அசையும் சத்தமும் இதே மாதிரி வந்து ஏமாற்றும். அதற்கு ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்து மறுபடி அசையுங்கள். இப்போதும் ஹெட்செட்டில் துடித்தால் அது பேரிங் ஆட்டம். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, மறுபடி பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கினால் சக்கரம் தானாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப வேண்டும். நடுவில் நின்று தயங்கினால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஸ்டெம்மை நேர் பார்த்து, பின்பக்க போல்ட்டுகளை இறுக்க வேண்டும். மேலிருந்து டயரையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சுலபம். இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் சின்னத் திருப்பம். ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் முதல் போல்ட் இருக்கும் இடத்தில் மட்டும் குழாய் நெருக்கப்படும். எவ்வளவு என்பது ஸ்டெம்மிலேயே போல்ட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும்; பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். ஃபோர்க் தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் இரண்டில் குறைந்ததை எடுங்கள். 5 நியூட்டன் மீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் ஐந்து கிலோ எடையை வைப்பது. சாதாரண அலன் கீயில் மணிக்கட்டைத் திருப்பினாலே இதைப்போல இரண்டு மடங்கு வந்துவிடும், கைக்கு அது அதிகமாகவே தோன்றாது. கைப்பழக்கம் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் டார்க் ரெஞ்சைக் கொடுத்துச் சோதித்தால் ஆளுக்கு ஆள் எண் மாறும். இத்தனை காலம் இந்த வேலையில் இருந்தும் நான் கார்பனுக்குக் கையை நம்புவதில்லை. 4, 5, 6 என்று அளவு குறிப்பிட்டு விற்கும் சின்ன ரெஞ்ச் போதும், பெரிய செட் வேண்டியதில்லை. கார் வீல் நட்டுக்குப் பயன்படுத்தும் பெரிய டார்க் ரெஞ்சை எடுத்து வராதீர்கள், இவ்வளவு குறைந்த அளவில் அது சரியாகக் காட்டாது.

முடித்ததும் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமாகத் திருப்பும் பலத்துக்கு நகரக் கூடாது. வீட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை பிரேக் அடித்துவிட்டு வந்து ஆட்டத்தையும் போல்ட்டையும் மறுபடி சோதியுங்கள். ஸ்பேசர்கள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது லேசாக ஆட்டம் திரும்ப வருவது சகஜம்தான். அப்போது மேல் போல்ட்டை மட்டும் திருகாமல், ஸ்டெம் போல்ட்டுகளை லூஸ் செய்து, மேல் போல்ட்டைச் சரிசெய்து, ஸ்டெம்மை மறுபடி இறுக்குங்கள்.

இதுவரை சொன்னதில் போல்ட்டுகளின் வேலை, இறுக்கும் வரிசை, குழாய் ஸ்டெம் முழுக்க இருக்க வேண்டும் என்பது எல்லாம் உறுதியானவை. கருத்து வேறுபாடு உள்ளவை இரண்டு. ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் கட்டாயமா என்பது ஒன்று. சில தயாரிப்பாளர்கள் கார்பனுக்குக் கட்டாயம் என்கிறார்கள், சிலர் ஒன்றும் சொல்வதில்லை. வைத்தால் நஷ்டமில்லை, ஸ்டெம் குழாயின் வெட்டிய விளிம்பைக் கவ்வாமல் இருக்கும். நான் எப்போதும் வைக்கிறேன். கார்பன் பேஸ்ட் இன்னொன்று. சீட் போஸ்ட்டிலும் ஹேண்டில்பாரிலும் அது வழுக்கலைத் தடுக்க நன்றாகப் பயன்படுகிறது. ஸ்டீரரில் தடவலாம் என்பவர்களும் உண்டு. அதில் உள்ள நொய்மணல் கார்பனைத் தேய்க்கும் என்று தடுப்பவர்களும் உண்டு. மேனுவலில் தடவச் சொல்லியிருந்தால் தவிர, நான் வெறும் சுத்தமான, உலர்ந்த குழாயிலேயே மாட்டுகிறேன். கிரீஸ் மட்டும் எந்தக் கம்பெனி சைக்கிளாக இருந்தாலும் ஸ்டெம் கவ்வும் இடத்தில் வேண்டாம். ஸ்டெம் வழுக்கும், வழுக்குகிறதே என்று நீங்கள் இன்னும் முறுக்குவீர்கள். ஸ்டெம் போல்ட்டின் மரையில் மட்டும் துளி கிரீஸ் போடலாம். வியர்வையும் கடற்காற்றும் படும் ஊர்களில், ஈசிஆர் ரோட்டில் வாரா வாரம் ஓட்டுபவர்களின் சைக்கிளில் குறிப்பாக, ஸ்டெம் போல்ட்டும் மேல் பேரிங்கும் மற்ற எதற்கும் முன்பே துருப்பிடிப்பதைப் பார்க்கிறேன். துருப்பிடித்த போல்ட்டில் ரெஞ்ச் காட்டும் அளவு பொய். மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

15 மி.மீ. உயர்த்தியும் போதவில்லை என்றால் ஸ்பேசரைத் தேடாமல் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். உங்கள் ஸ்டெம் 100 மி.மீ., 6 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது கீழ்நோக்கிய கோணத்தில் இருந்தால், திருப்பிப் போடும்போது ஹேண்டில் சுமார் 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. உங்கள் பக்கம் வரும். ஸ்பேசரில் கிடைப்பதைவிட இது அதிகம், அதுவும் ஆதரவில்லாத குழாயின் நீளம் ஒரு மி.மீ.கூடக் கூடாமல். முன்பக்கத் தகட்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மாட்டும்போது அவற்றையும் குறுக்கு மறுக்காக, எழுதியிருக்கும் அளவுக்கே இறுக்குங்கள். மேலும் கீழும் இடைவெளி ஒன்றுபோல இருக்கட்டும். பிரேக் ஹுடுகளின் (பிரேக் லீவர் மேல் இருக்கும் ரப்பர் பிடி) கோணத்தை முன்பு எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ரேஸ் பைக்கில் இப்படி இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்பார்கள். வலிக்காமல் ஓட்டுவதுதான் நமக்கு வேண்டியது.

ஆனால் உயரம்தான் காரணமா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கைமரப்புக்கு ஹேண்டிலைக் குற்றம் சொல்லி வருபவர்களில் பலருக்கு நான் முதலில் மாற்றுவது சீட்டைத்தான். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைக் கை தடுத்துக்கொண்டே இருக்கும். மட்டம் பார்க்கும் ஆப் இருந்தால் போனைச் சீட்டின் மேல் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். சீட் அதிக உயரம் என்றாலும் இதே கதைதான். டயரில் காற்று கல் மாதிரி இருந்தால் ரோட்டின் அதிர்வெல்லாம் உள்ளங்கைக்கு வரும், 28 மி.மீ. டயர் என்றால் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவுக்கு அடிக்கத் தேவையே இல்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் போகும் நரம்பு அமுங்குகிறது. ஹுட், மேல் பார், கீழ் வளைவு என்று பிடியை மாற்றிக்கொண்டே ஓட்டுங்கள். சைக்கிளை விட்டு இறங்கி நெடுநேரம் ஆன பிறகும் மரப்பு போகவில்லை என்றால் அது மெக்கானிக் பார்க்கும் விஷயம் இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர்களுக்கு வளைந்த ஹேண்டில் பழகச் சில வாரங்கள் ஆகும்.

எந்த உயரம் சரி என்பது இப்படிப் பழகிய பிறகுதான் தெரியும், அதனால்தான் குழாயை வெட்ட வேண்டாம் என்றேன். வெட்டிய குழாயை ஒட்ட முடியாது. பிறகு உயர்த்த வேண்டும் என்றால் புது ஃபோர்க்தான். இப்போது உங்களிடம் இருக்கும் அந்த 20 மி.மீ.தான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. உயர்த்திய இடத்தில் இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள், நீண்ட தூரமும் போய்ப் பாருங்கள். நான் சொன்னபடி 30-உம் 5-உம் என்று அமைந்துவிட்டால் வெட்டுவதற்கே ஒன்றும் மிஞ்சாது. உடம்பு பழகி மறுபடி இறக்க விரும்பினால்கூட மேலே ஸ்பேசரை விட்டுவைக்கலாம், ஓட்டத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. என்றாவது வெட்டத்தான் வேண்டும் என்றால், பிளம்பர்கள் வைத்திருக்கும் உருளைக் கட்டரால் வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் சைக்கிளைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், அது கார்பனை நசுக்கித்தான் வெட்டும். மெல்லிய பல் உள்ள புது பிளேடு, நேராக வழிகாட்டும் கைடு, சுற்றிலும் டேப், தூள் பறக்காமல் ஈரம், மூக்குக்கு மாஸ்க்: இவை இருக்கும் கடையில் கொடுங்கள். பிளக்கை முன்பே வெளியே எடுத்திருக்க வேண்டும்.

ஸ்பேசர் மாற்றி, ஸ்டெம்மையும் திருப்பிப் போட்டு, சீட்டையும் சரிசெய்த பிறகும் கை எட்டாமல் நீட்டிக்கொண்டே இருந்தால், அடுத்து 80 அல்லது 90 மி.மீ. ஸ்டெம் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் ஃபிரேம் சைஸ் பெரிதோ என்று சந்தேகப்பட வேண்டும். வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதால், கடையில் சைஸ் மாற்றித் தருவார்களா என்று இப்போதே பேசிவைப்பது நல்லது. குழாயை வெட்டியிருந்தால் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்கள்.